புகுமுக வகுப்பின் இலக்கணம்

மலேசியத் தமிழர்கள் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சிக்கு ஆங்கிலம் தோட்டத்தைவிட்டு வெளியேற உதவிய ஏணி. இன்னொரு கட்சிக்கு அது தமிழ்ப்பள்ளிகளைக் காலி செய்த வில்லன். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது: இந்த ஊரில் ஆங்கிலத்தை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான் கிள்ளானில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் சீனப்பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் ஹொக்கியன், பள்ளியில் மாண்டரின், வெளியே மலாய். ஆங்கிலம் அவர்களுக்கு நான்காவது மொழி. ஒரு தமிழர் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் எடுப்பது ஏதோ இந்தக் காலத்து டியூஷன் வியாபாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வேலைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1886-ல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடாவையும் இணைத்து சிலாங்கூரின் முதல் ரயில் ஓடியது. ரயில் ஓடினால் போதுமா? டிக்கெட் எழுத, சரக்குக் கணக்கு வைக்க, மேலதிகாரிக்குக் கடிதம் போட ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டும். பிரிட்டிஷாருக்கு அப்படிப்பட்டவர்கள் தயாராகக் கிடைத்த இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனரிகள் 1823-லேயே வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியிருந்ததால், அங்கே ஆங்கிலம் படித்த தலைமுறைகள் உருவாகியிருந்தன. அவர்கள் கப்பலேறி வந்து, செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். கிராணிகள் வந்த வழியிலேயே ஆசிரியர்களும் வந்தார்கள்.

1893-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பள்ளிக்காக முன்நின்ற பெரிய மனிதர்களின் பெயர்களைப் பார்த்தாலே ஊரின் வரைபடம் தெரியும்: கப்பித்தான் யாப் குவான் செங், லோக் யூ, கே. தம்புசாமிப் பிள்ளை. பணமும் நிலமும் வைத்திருந்த சீனர்களும் தமிழரும் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி கேட்டார்கள். அதன் பிறகு மிஷன் பள்ளிகள் பெருகின. இந்தப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன, கட்டணம் வாங்கின. அதனால் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சீனர்களே அதிகம். கரும்பலகைப் பக்கம் நின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் யூரேசியர்களும் போக, யாழ்ப்பாணத்தவர்கள், தமிழ்நாட்டவர்கள், மலையாளிகள் கணிசமாக இருந்தார்கள்.

அதே நேரத்தில் நகரத்துக்கு வெளியே, சில மைல் தள்ளி, ரப்பர் தோட்டங்களில் என்ன நடந்தது? 1912-ன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. ஆசிரியர் தோட்டத்துக் கிராணியாகவோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியாகவோ இருந்தார். தமிழ் எழுதப் படிக்க, கூட்டல் கழித்தல் போட, அதோடு முடிந்தது. ஆங்கிலம் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, ஒரே பள்ளத்தாக்கில் ஒரு தமிழர் ஹொக்கியன் வியாபாரியின் மகனுக்கு 'ஹி கோஸ்' ஏன், 'ஹி கோ' ஏன் தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தமிழரின் மகன் அந்த இரண்டில் எதையும் கேட்காமலே பால் மரம் வெட்டப் போனான். இதைச் சொல்லாமல் 'மலாயாவின் ஆங்கிலக் கல்வியில் தமிழர் பங்களிப்பு' என்று பெருமைக் கட்டுரை எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பங்களிப்பு உண்மைதான். அதில் சாதியும் வர்க்கமும் ஊரும் கலந்திருந்ததும் உண்மைதான்.

சரி, அந்த வகுப்புகளில் என்ன புத்தகம் வைத்துப் படித்தார்கள்? இது எனக்குத் தொழில்முறை ஆர்வம்.

ஜே. சி. நெஸ்ஃபீல்ட் இந்தியாவில் கல்வி அதிகாரியாக இருந்தவர். 1890களில் இந்திய மாணவர்களுக்கென்று எழுதிய அவருடைய இலக்கண வரிசை கடல் தாண்டி மலாயாவுக்கும் வந்தது. 1930களில் ரென் அண்ட் மார்ட்டின். இதில் ரென் என்பவர் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிய பி. சி. ரென்னேதான். அவரும் இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். இந்தியப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த புத்தகங்கள் இவை. வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர் சொல், விதியைச் சொல், விதிவிலக்கைச் சொல். நன்னூல் சூத்திரம் ஒப்பித்து வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இந்த முறை பழகின வீடு மாதிரி. பெயர், வினை, இடை, உரி என்று சொல்லை வகைபிரிப்பது நமக்குப் புதிதா என்ன? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கே ஒருமை பன்மை தெரியும், தன்மை முன்னிலை படர்க்கை தெரியும், முக்காலமும் தெரியும்.

சீனப் பிள்ளையின் நிலைமை வேறு. சீன மரபில் அகராதிகள் உண்டு, ஒலியை வகைப்படுத்திய நூல்கள் உண்டு, 'நிறைசொல்', 'வெறுஞ்சொல்' என்று சொற்களைப் பிரித்துப் பேசிய உரைகள் உண்டு. ஆனால் நாம் இலக்கணம் என்று சொல்கிற வகையில், ஒரு சீனர் தம் மொழிக்கு முழு இலக்கணம் எழுதியது 1898-ல்தான். மா ஜியான்ஜோங் என்பவர் எழுதிய அந்த நூலுக்கு மாதிரி லத்தீன் இலக்கணம். அதாவது நெஸ்ஃபீல்டின் ஆங்கில இலக்கணமும் சீன மொழியின் முதல் முழு இலக்கணமும் கிட்டத்தட்ட சமவயதுப் பிள்ளைகள்!

இதற்காக சீன மொழிக்கு ஒழுங்கில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் ஒழுங்கு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் 'போனேன்' என்ற ஒரே சொல்லில் யார், எப்போது, எத்தனை பேர் எல்லாம் அடங்கிவிடும். சீனத்தில் வினைச்சொல் கல் மாதிரி. நான் போனாலும் அவள் போனாலும் நேற்று போனாலும் அந்தச் சொல் அசையாது. பக்கத்தில் வரும் சொற்களும் அவை நிற்கும் வரிசையும்தான் மற்றதைச் சொல்லும். அதனால் என் மாணவன் ஒருவன் 'எஸ்டர்டே ஐ கோ' என்று எழுதும்போது அவனுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது: நேற்று என்று சொல்லியாகிவிட்டதே, மறுபடியும் வினையில் எதற்கு?

'ஹி', 'ஷி' குழப்பமும் அப்படித்தான். மாண்டரினில் அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு 'தா'. ஹொக்கியனில் இரண்டும் 'இ'. கண்டோனீஸிலும் ஒரே சொல்தான். எழுத்தில் 'அவள்' என்பதற்குத் தனி வடிவம் பரவியது 1920 வாக்கில்தான். லியு பான்னோங் என்ற கவிஞர் அதை முன்வைத்தார். ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்க்கும்போது வந்த சிக்கல்தான் அந்தத் தேவையை உண்டாக்கியது. ஆகவே ஒரு சீன மாணவி தன் அம்மாவை 'ஹி' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அவளுடைய காதில் அந்த வேறுபாடு இருந்ததே இல்லை. தமிழ்ப் பிள்ளை இந்த இடத்தில் தப்பவே மாட்டான். அவனுக்கு ஆங்கிலம் கஞ்சத்தனமாகத் தெரியும்: வினையில் ஆண்பால் பெண்பால்கூடக் காட்டாத மொழி!

இலக்கணம் ஒரு வழி. வாசிப்பு இன்னொரு வழி. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார். வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். பாதிப் படிப்பில் போகிறவன் கையில் என்ன மிஞ்சும்? காப்புறுதியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகையை 'சரண்டர் வேல்யூ' என்போமே, அதே சொல்லை அவர் கல்விக்குப் பயன்படுத்தினார். பேச்சும் இலக்கணமும் பாதியில் நின்றால் மிஞ்சுவது கொஞ்சம். வாசிக்கும் திறன் நின்ற இடம்வரை லாபம். அதற்காகவே அடிக்கடி வரும் சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து, படிப்படியாகப் புதுச்சொல் சேர்த்து, 'நியூ மெதட்' வாசிப்பு நூல்களை எழுதினார். 1934-ல் நியூயார்க்கில் ஆங்கிலச் சொல்தேர்வு பற்றிக் கூட்டப்பட்ட மாநாட்டில், வங்காளத்திலிருந்து வெஸ்ட், ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்ட் பாமர், சீனாவில் பணியாற்றிய லாரன்ஸ் ஃபாசெட் மூவரும் ஒன்றுசேர்ந்தார்கள். உலகம் முழுவதும் போன ஆங்கில வாசிப்பு நூல்களின் அடித்தளம் ஆசியப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சீனர்களும் சும்மா இருக்கவில்லை. லின் யூதாங் 1928 முதல் ஷாங்காயில் 'கைமிங்' ஆங்கிலப் பாடநூல்களை வெளியிட்டார். படம் வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் ஃபெங் ஸிகாய். விதியை முதலில் திணிக்காமல் கதையும் பேச்சுமாக மொழியைக் காதில் விழச் செய்த நூல்கள் அவை. கிள்ளான் சீனர்களில் பலர் போலவே லின்னும் ஃபூஜியன் மாநிலத்தவர். 1954-ல் சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு முதல் வேந்தராக வந்தார். நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் மறு வருடமே கிளம்பிவிட்டார்.

சீனப் பள்ளிகளின் வாசிப்பு மரபு இதற்கெல்லாம் முந்தையது. சத்தம் போட்டுப் படி, திரும்பத் திரும்பப் படி, பாடம் முழுவதும் வாய்க்கு வரும்வரை படி. பொருள் பிறகு வரும். இன்றும் என் மாணவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். 'ஏன் இங்கே இந்தச் சொல்?' என்று கேட்டால் பதில் வராது. பத்தியை அப்படியே ஒப்பிப்பார்கள், ஒரு பிழை இருக்காது.

இந்த இரண்டு வழிகளும் ஒரே அறையில் சந்தித்த காலம் ஒன்று உண்டு. அதுதான் புகுமுக வகுப்பு.

1957 கல்விச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் ஆரம்பப் பள்ளிகளாகத் தேசிய அமைப்புக்குள் வந்தன. ஆறு வருடம் தாய்மொழியில் படித்துவிட்டு ஆங்கில இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளை படிவம் 1-க்கு நேராகப் போக முடியாது. இடையில் ஒரு வருடம், முழுக்க ஆங்கிலம். பேர் 'ரிமூவ் கிளாஸ்'. 1965 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமலே எல்லாரும் இடைநிலைக்குப் போகலாம் என்றானதும் இந்த வகுப்புகள் நிரம்பி வழிந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கும் சீனக் கடைக்காரர் பிள்ளைக்கும் ஒரே பெஞ்சு கிடைத்தது அப்போதுதான்.

என் பெரியப்பா அப்படி உட்கார்ந்தவர். காப்பார் பக்கத்துத் தோட்டம், கிள்ளானில் பள்ளி, 1966. அவர் சொல்வார்: "மொத நாளு வாத்தியாரு என்ன சொல்றாருன்னே வெளங்கல. பக்கத்துல பார்த்தேன், அந்தச் சீனப் பையனும் முழிச்சிக்கிட்டு இருந்தான். அப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருந்திச்சு." இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே மொழி பாசார் மலாய். "அவன் பாடத்த முழுசா மனப்பாடம் பண்ணிடுவான்லா. நான் ஏன் இப்படின்னு கேப்பேன். அவன் எனக்கு ஸ்பெல்லிங், நான் அவனுக்கு ஹி, ஷி."

ஆசிரியர் யாழ்ப்பாணத் தமிழர். வருடம் முழுவதும் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது அது கோபம். 'நம்மாளு, நம்மகிட்ட பேச மாட்டேங்கிறாரே' என்று தோட்டத்தில் போய்ச் சொன்னாராம். வயதான பிறகு வேறு மாதிரி சொல்கிறார்: "அவரு தமிழ்ல வெளக்கியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். அந்தப் பையன் ஒண்டியா ஆயிருப்பான்."

அந்த வகுப்பில் இருவரும் சேர்ந்தே தோற்ற இடம் ஒன்று உண்டு: 'எ', 'ஆன்', 'தி'. தமிழிலும் கிடையாது, சீனத்திலும் கிடையாது. 'எதுக்குடா இது?' என்று இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. அவர்கள் சேர்ந்தே ஜெயித்த இடமும் உண்டு. 'ஈட் ஆல்ரெடி' என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறோம். வினை அப்படியே நிற்க, முடிந்துவிட்டது என்பதற்கு ஒரு சொல்லைக் கடைசியில் வைப்பது சீன வழக்கம். மாண்டரினில் அதற்கு 'ல' என்ற ஒட்டு இருக்கிறது. மலாயில் 'சுடா'. தமிழில்? சாப்பிட்டாச்சு. 'கேன் ஆர் நாட்' சீன வினா அமைப்பு. 'முடியுமா முடியாதா' என்று கேட்கிற நமக்கும் அது அந்நியமில்லை. வகுப்பில் சிவப்பு மையால் அடித்த இந்த வாக்கியங்கள்தான் திடலில் விளையாடும்போது மூன்று இனத்தையும் பேச வைத்தன. நான் டியூஷனில் இவற்றைத் திருத்துகிறேன். திருத்துவது என் வேலை, தேர்வுத்தாள் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் பிள்ளைகளிடம் 'இது முட்டாள்தனம்' என்று மட்டும் சொல்வதில்லை. இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சொன்ன பிறகு திருத்துவது சுலபமாக இருக்கிறது.

புகுமுக வகுப்பைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஒரு வருடம் பின்னால். தோட்டத்தில் அதை 'பெயில் கிளாஸ்' என்று கேலி செய்தார்கள். பல தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு படிவம் 3-ன் எல்.சி.இ. தேர்வோடு நின்றது. பெரியப்பாவும் அங்கேதான் நின்றார். பிறகு துறைமுகத்தில் வேலை. இன்றும் காலையில் ஆங்கிலப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை படிப்பார். வெஸ்ட் சொன்ன 'சரண்டர் வேல்யூ' அதுதான் என்று நினைக்கிறேன்.

1970-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1970களின் நடுவில் புகுமுக வகுப்பும் மலாய் வகுப்பானது. இன்றைக்கு அதன் பேர் 'பெரலிஹான்'. சுதந்திர நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும், அதில் எனக்கு வாதமில்லை. இரண்டு பிள்ளைகளும் இன்னும் பக்கத்தில் உட்காரத்தான் செய்கிறார்கள், சந்திக்கும் மொழி மாறிவிட்டது. ஆங்கிலமோ பொதுவெளியிலிருந்து விலகி, காசுள்ளவர்களின் வீட்டுக்கும் டியூஷனுக்கும் போய்விட்டது. கிள்ளானில் மட்டும் சீனச் சமூகம் தன் சொந்தப் பணத்தில் நான்கு தனியார் சீன உயர்நிலைப்பள்ளிகளை நடத்துகிறது. 2003-ல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்ன கொள்கை வந்து, 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் 'எந்த மொழியில்' என்றுதான் சண்டை. 'யாரோடு சேர்ந்து' என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இளம் இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? நூற்று முப்பது வருடமாக ஒரே ஊரில் இருக்கிற இரண்டு சமூகங்கள், எப்போதும் மூன்றாவது மொழியில்தான் சந்தித்திருக்கின்றன. ஆங்கிலம் போனால் மலாய். ஒருவர் மொழியை மற்றவர் படித்து, ஒருவர் கதையை மற்றவர் நேரடியாகப் பெயர்த்தது மிகச் சொற்பம். ஈப்போவில் பிறந்த லி ஸிஷு 2020-ல் சீன மொழியில் வெளியிட்ட 'லியு சு தி' நாவலில் ஓர் இந்தியப் பையன் முக்கியமான பாத்திரம், சீனப்பள்ளியில் படிக்கிறவன். நம்மைப் பற்றி அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவும் நமக்கு ஆங்கிலத் துணை தேவைப்படுகிறது. இப்போது சீனப்பள்ளிக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வளர்ந்து, இடையில் ஆள் இல்லாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலப் புகுமுக வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கு அறுபதுகளின் நடுவிலிருந்து எண்பது வயதுவரை இருப்பார்கள். அந்த வகுப்பில் என்ன பேசினார்கள், எப்படிப் படித்தார்கள் என்பதை எந்தக் கல்வி அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், போனில் பதிவு செய்துகொண்டு கேளுங்கள். என்ன புத்தகம், என்ன வாத்தியார், எதற்கு அடி வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, மறக்காமல் இதையும் கேளுங்கள்: பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்?